காறிய எண்ணெயில் பிறக்கும் நஞ்சு, செல்லுக்குள் என்ன ஆகிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேதியியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அப்பா இருபது வருடங்களாகச் சாயங்கால வடைக்கடை நடத்துகிறார்; ஏழெட்டு வருடமாகச் சர்க்கரை நோயும் உண்டு. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தால் (ஆக்சிஜனின் மூர்க்கமான வடிவங்கள் செல்லில் மிஞ்சிப்போகும் நிலை) உடம்பில் நச்சு ஆல்டிஹைடுகள் உண்டாகின்றன, ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி அவற்றை அழித்துவிடுகிறது என்று பாடத்தில் படித்தாராம். ‘நொதிதான் இருக்கிறதே, பிறகு ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்? அதற்குத் துணையாக அப்பாவுக்குக் குளுட்டாதயோன் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?’ என்பது கேள்வி. மாத்திரையைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தாலும், இந்த நஞ்சைக் கழிக்கச் செல் எதைச் செலவழிக்கிறது, அந்தச் செலவுக்கு எங்கே முட்டுப்பாடு வருகிறது என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதைச் சொன்னால் மாத்திரைக்கும் பதில் வந்துவிடும்.

மதுரையில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு வருடம் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நொதிகளோடு பழக்கம் உண்டு, நோயாளிகளோடு கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் இந்த ஆல்டிஹைடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அடுப்படி மூலையில் வைத்து மறந்துபோன எண்ணெய் சில மாதங்களில் காறிப்போகிறது. மூடியைத் திறந்தால் சிக்கு வாடை அடிக்கிறது. ஹெக்சனால் போன்ற சிறிய ஆல்டிஹைடுகளுக்கு அந்த வாடையில் பெரும்பங்கு உண்டு. எண்ணெயில் உள்ள லினோலிக் அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு கார்பன் இருக்கிறது. அதன் ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் ஆக்சிஜன் வந்து உட்காரும். உட்கார்ந்தது சும்மா இருக்காது. பக்கத்து அமிலத்தின் ஹைட்ரஜனைப் பிடுங்கும், அது அடுத்ததைப் பிடுங்கும். பஞ்சுப் பொதியில் பிடித்த நெருப்புதான். இப்படி உண்டான பெராக்சைடுகள் துண்டு துண்டாக உடையும்போது ஆல்டிஹைடுகள் விழுகின்றன.

செல்லின் சவ்விலும் இதே வகைக் கொழுப்பு இருக்கிறது. அங்கே தீ வைப்பவர் வேறு. மைட்டோகாண்ட்ரியாவில் சுவாசம் நடக்கும்போது கசியும் எலக்ட்ரான் ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பர் ஆக்சைடு ஆகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வருகிறது. அதோடு இரும்பு சேர்ந்தால் ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான தனி உறுப்பு (ஃப்ரீ ராடிக்கல்) பிறக்கிறது. அது கொழுப்பைத் தொட்டால் மேலே சொன்ன கதை தொடங்கிவிடும். உயிரோடு இருக்கிறவரை நாம் எல்லோரும் உள்ளுக்குள் கொஞ்சம் காறிக்கொண்டேதான் இருக்கிறோம்.

ஹைட்ராக்சில் பிறந்த இடத்திலேயே எதன்மேலாவது மோதி அடங்கிவிடும். ஆல்டிஹைடு அப்படி அடங்குவதில்லை. அதற்கு ஆயுள் அதிகம். பிறந்த சவ்வை விட்டு நடந்து, செல்லின் வேறு மூலைக்கும், சில சமயம் பக்கத்துச் செல்லுக்கும் போகும். இந்தக் கூட்டத்தில் அதிகம் ஆராயப்பட்டது 4-ஹைட்ராக்சிநானெனால், சுருக்கமாக எச்.என்.இ. என்பார்கள். ஒன்பது கார்பன் கொண்டது. ஈரல் சவ்வுக் கொழுப்பு ஆக்சிஜனேற்றமடையும்போது வெளிப்படும் நச்சு இதுதான் என்று 1980-இல் இத்தாலியின் பெனடெட்டி, கொம்போர்த்தி ஆகியோரும் ஆஸ்திரியாவின் எஸ்டர்பவரும் சேர்ந்து அடையாளம் காட்டினார்கள். இதற்கு இரண்டு கொக்கிகள் உண்டு. ஆல்டிஹைடு முனை புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பிடிக்கும். நடுவில் உள்ள இரட்டைப் பிணைப்பு சிஸ்டீன், ஹிஸ்டிடின் என்ற வேறு இரண்டு அமினோ அமிலங்களைப் பிடிக்கும். ஒரு நொதியின் வேலை நடக்கும் இடத்திலேயே சிஸ்டீன் இருந்தால், கொக்கி விழுந்த கணத்தில் அந்த நொதி முடங்கிவிடும்.

இனி உங்கள் பாடப்புத்தகம் விட்ட இடத்துக்கு வருவோம். எச்.என்.இ.யைக் கழிப்பது ஒரு நொதி மட்டும் செய்கிற வேலை என்று எழுதியிருந்தால் அது பாதிக் கதை. செல்லிடம் மூன்று வழிகள் உண்டு. எலியின் ஈரல் செல்களில் எச்.என்.இ.யைச் சேர்த்துப் பார்த்தவர்கள், சில நிமிடங்களில் அதில் பெரும்பகுதி காணாமல் போவதையும், மூன்று வழிகளின் விளைபொருள்களும் ஒரே நேரத்தில் சேர்வதையும் கண்டார்கள். எந்த வழிக்கு எவ்வளவு பங்கு என்பது திசுவுக்குத் திசு மாறும். இதில் சண்டை போடும் கட்டுரைகளைப் படித்துக் குழம்ப வேண்டாம். பெரும்பாலும் ஒருவர் ஈரலைப் பார்த்திருப்பார், மற்றவர் இதயத்தைப் பார்த்திருப்பார்.

ஈரலில் பெரிய வழி, குளுட்டாதயோனோடு கட்டிவிடுவது. குளுட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் ஆகிய மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சின்ன மூலக்கூறு அது. செல்லுக்குள் 1 முதல் 10 மில்லிமோலார் வரை இருக்கும், எச்.என்.இ. சாதாரண நாளில் ஒரு மைக்ரோமோலார்கூட இருக்காது. அதாவது ஒரு திருடனைப் பிடிக்க ஆயிரம் பேர் நிற்கிறார்கள். இரண்டும் தாமாகவே ஒட்டும், ஆனால் மெதுவாக ஒட்டும். குளுட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதிக் குடும்பம், அதிலும் ஏ4 என்ற வகை, அதைப் பல மடங்கு வேகப்படுத்துகிறது. குளுட்டாதயோனின் கந்தகம் எச்.என்.இ.யின் இரட்டைப் பிணைப்புக் கொக்கியில் போய் உட்கார்ந்துகொள்ள, சிஸ்டீனைத் தேடும் கொக்கி மழுங்கிவிடும். பிறகு அந்தக் கட்டு செல்லுக்கு வெளியே தள்ளப்பட்டு, சிறுநீரகத்தில் வெட்டித் திருத்தப்பட்டு, மெர்காப்டூரிக் அமிலமாகச் சிறுநீரில் போகிறது. இது ஊகம் கிடையாது. மனிதர்களின் சிறுநீரில் அளந்திருக்கிறார்கள். அக்ரோலின் என்ற இன்னொரு சிறிய ஆல்டிஹைடுக்கும் இதே பாதைதான். புகை பிடிப்பவர்களின் சிறுநீரில் அக்ரோலின் கட்டு கூடுதலாகவே வரும்.

செலவு எங்கே என்றேனே, அது இங்கேதான் ஒளிந்திருக்கிறது. குளுட்டாதயோன் பெராக்சைடை அடக்கும்போது தான் ஆக்சிஜனேற்றமடைந்து, மறுபடி ஒடுக்கப்பட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடும். கடன் கொடுத்து வட்டி இல்லாமல் திரும்ப வாங்குவது மாதிரி. ஆல்டிஹைடோடு கட்டிக்கொண்ட குளுட்டாதயோன் திரும்பாது. மூலக்கூறு முழுசாகச் செல்லை விட்டுப் போய்விட்டது. புதிதாகச் செய்ய வேண்டும், அதற்குச் சிஸ்டீன் வேண்டும். பெரும்பாலும் தட்டுப்பாடு வருவது அதற்குத்தான். வகுப்பில் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், மாணவர்கள் குளுட்டாதயோனைச் சுழலும் சக்கரமாகவே கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பார்கள். நானே முதல் பத்து வருடம் அப்படித்தான் நடத்தினேன்.

உங்கள் பாடத்தில் வந்த ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் இரண்டாவது வழி. மனிதனுக்கு இந்தக் குடும்பத்தில் 19 மரபணுக்கள் இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் இரண்டாம் எண் நொதிதான் அதிகம் பேசப்படுவது. அதன் 302-ஆம் இடத்துச் சிஸ்டீன் ஆல்டிஹைடைப் பிடிக்கும், ஹைட்ரஜனை என்.ஏ.டி. என்ற துணை மூலக்கூறு வாங்கிக்கொள்ளும், ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து வெட்ட, ஆல்டிஹைடு கார்பாக்சிலிக் அமிலமாக வெளியே விழும். அமிலத்தில் ஆல்டிஹைடு முனையே கிடையாது. கடிக்கும் பல்லைப் பிடுங்கிவிட்டதுபோல. ஆனால் பாருங்கள், பிடிப்பதும் சிஸ்டீன், எச்.என்.இ.க்குப் பிடித்த இரையும் சிஸ்டீன். எச்.என்.இ. அளவு மிஞ்சினால் இந்த நொதியையே முடக்கிவிடும். ‘நொதிதான் இருக்கிறதே’ என்று கேட்டீர்களே, நேரான பதில் இதுதான், தம்பி. கொஞ்சமாக வரும்வரை நொதி அதைத் தின்கிறது. வெள்ளமாக வந்தால் அது நொதியைத் தின்கிறது.

இந்த நொதியின் பெயர் தெரியாமலே நம் ஊரில் பலருக்கு இதோடு பழக்கம் உண்டு. குடியை நிறுத்துவதற்குக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை இந்த நொதிகளைத்தான் பூட்டுகிறது. சாராயத்திலிருந்து வரும் அசிட்டால்டிஹைடு உடம்பில் தேங்கி முகம் சிவந்து குமட்டிக்கொண்டு வருகிறது. சீனா, ஜப்பான், கொரியா பக்கம் பலருக்குப் பிறவியிலேயே இந்த நொதியில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. உலகில் சுமார் 54 கோடிப் பேர் என்று கணக்கு. நம் பக்கம் அது அரிது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் வேலை செய்வதற்கும் இதே நொதி உதவுகிறது என்று 2002-இல் தெரிந்தது. அது வேறு கதை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

மூன்றாவது வழி நேர் எதிர்த்திசை. ஆக்சிஜனைச் சேர்க்காமல் ஹைட்ரஜனைச் சேர்த்து ஆல்டிஹைடை ஆல்கஹாலாக ஒடுக்கிவிடுவது. ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதியும் அதன் உறவினர்களும் இதைச் செய்கிறார்கள். செலவாகும் நாணயம், ஹைட்ரஜனைச் சுமந்து வந்து கொடுக்கும் என்.ஏ.டி.பி.எச். என்ற மூலக்கூறு. முதல் வழியோடு இது கைகோத்தும் வேலை செய்யும். குளுட்டாதயோன் கட்டிய பிறகும் ஆல்டிஹைடு முனை மிச்சம் இருக்கிறது அல்லவா, அதையும் ஒடுக்கிக் கணக்கை முடித்துவைக்கும். மனிதச் சிறுநீரில் எச்.என்.இ.யின் முக்கியத் தடயமாகக் கிடைப்பது இப்படி இரண்டு கை பட்ட மூலக்கூறுதான்.

அப்பாவின் சர்க்கரை நோய் உள்ளே வருவது இந்த இடத்தில். பாடப்புத்தகத்தில் ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்றாலே வில்லன்: இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் குளுக்கோஸைச் சார்பிட்டாலாக மாற்றி, என்.ஏ.டி.பி.எச்.ஐக் கரைத்துவிடுகிறது என்று எழுதியிருக்கும். அது பொய் இல்லை. ஆனால் குளுக்கோஸைவிடக் கொழுப்பு ஆல்டிஹைடுகளைத்தான் இந்த நொதி மிக எளிதாகப் பிடிக்கிறது. அப்படியானால் அதன் சொந்த வேலை நஞ்சு கழிப்பதுதானோ, சர்க்கரையைத் தொடுவது பாதை தவறியதாலோ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்; எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. தீர்ந்த வழக்கு என்று மட்டும் சொல்ல மாட்டேன். தீர்ந்தது எது என்றால், சர்க்கரை ஏறிய செல்லில் மூன்று செலவுகள் ஒன்றாக வருகின்றன என்பது. சார்பிட்டால் பாதை என்.ஏ.டி.பி.எச்.ஐ இழுக்கிறது, ஆக்சிஜனேற்றமடைந்த குளுட்டாதயோனை மீட்கவும் அதே என்.ஏ.டி.பி.எச். வேண்டும், போதாததற்குக் குளுக்கோஸ் உடையும் பாதையிலிருந்தே மெத்தில்கிளையாக்சால் என்ற இன்னோர் ஆல்டிஹைடு கசிகிறது. அதைக் கழிக்கக் கிளையாக்சலேஸ் என்ற தனி ஏற்பாடு உண்டு, அதற்கும் குளுட்டாதயோன் துணை வேண்டும். ஒரே பணப்பையில் மூன்று பேர் கை விடுகிறார்கள்.

இத்தனைக்கும் தப்பி, புரதத்தில் கொக்கி போட்டுவிட்ட ஆல்டிஹைடு? அதைப் பிரித்தெடுப்பதைவிடப் புரதத்தையே கழித்துக்கட்டுவதுதான் செல்லின் வழக்கம். புரோட்டியசோம் என்ற அரைவை எந்திரம் அதைத் தின்று தீர்க்கும். இரண்டு கொக்கியும் மாட்டிப் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் எந்திரத்துக்கும் சிக்கல். வயதான செல்களில் லிப்போஃபுசின் என்ற பழுப்புத் திட்டாகச் சேர்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. கீப்1 என்ற புரதம் சாதாரண நேரத்தில் என்.ஆர்.எஃப்.2 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கீப்1-இன் உடம்பெல்லாம் சிஸ்டீன். எச்.என்.இ. வந்து அந்தச் சிஸ்டீனில் கொக்கி போட்டதும் அதன் பிடி தளர்கிறது, தப்பித்த என்.ஆர்.எஃப்.2 உட்கருவுக்குள் போய், குளுட்டாதயோன் செய்யும் நொதி, அதைக் கட்டிவிடும் நொதி, ஒடுக்கும் நொதி எல்லாவற்றின் மரபணுக்களையும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்புகிறது. வாசலில் கட்டிய மணியைத் திருடனே இடித்துக்கொண்டு உள்ளே வருகிற ஏற்பாடு. கொஞ்சம் ஆல்டிஹைடு இருந்தால்தான் மணி அடிக்கும். எல்லாவற்றையும் ஒட்டத் துடைத்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த மணியை மறந்துவிடுகிறார்கள்.

அளப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பரிசோதனை அறிக்கைகளைக் காட்டி மாத்திரை விற்பவர்கள் உண்டு. கொழுப்பு காறியதை நிறத்தால் காட்டும் தயோபார்பிட்யூரிக் அமிலச் சோதனையை வருடந்தோறும் ஆய்வகத்தில் செய்ய வைப்பேன். ஒரு வருடம் மாணவி ஒருத்தி டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு பஜ்ஜிக்கடையில் இரவு மூடும் நேரத்தில் சட்டியில் மிச்சமிருந்த எண்ணெயை ஒரு சின்னக் குப்பியில் வாங்கி வந்தாள். கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. அதையும் புதிதாக வாங்கிய கடலை எண்ணெயையும் தனித்தனிக் குழாயில் அமிலத்தோடு கலந்து கொதிநீரில் நிறுத்தினோம். அரை மணி கழித்து எடுத்தபோது, புது எண்ணெய்க் குழாயில் நிறம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. மற்றது பன்னீர் ரோஜா நிறத்தில் பளபளவென்று நின்றது. வகுப்பே கைதட்டியது. அடுத்த மேஜையில் ஒரு பையன் குறும்புக்காகச் சர்க்கரைப் பாகை ஊற்றிக் கொதிக்க வைத்திருந்தான்; அவன் குழாயும் ஆரஞ்சு கலந்து சிவந்திருந்தது! திட்ட வாய் வரவில்லை. கொழுப்பு காறும்போது வரும் மலோன்டைஆல்டிஹைடு என்ற ஆல்டிஹைடைக் காட்ட வேண்டிய அந்த நிறத்தை வேறு பல பொருள்களும் கலைத்துவிடும் என்பதை நான் ஒரு மணி நேரம் பேசிப் புரியவைப்பதற்குப் பதில் அவன் ஒரு கரண்டிப் பாகில் காட்டிவிட்டான். அந்த நிறத்தை 532 நானோமீட்டர் ஒளியில் அளந்து கிடைத்த ஒற்றை எண்ணை வைத்து ‘உங்கள் உடம்பில் நச்சு இவ்வளவு’ என்று யாராவது சொன்னால், அந்தக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். நிறை நிறமாலைமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) எச்.என்.இ.யைத் தனியாகப் பிரித்து அளப்பது வேறு தரம். அது சாதாரணப் பரிசோதனைக் கூடத்தில் செய்கிற காரியம் இல்லை.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயில் நேராக விழும் கார்னியாவில் ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸின் 3ஏ1 என்ற வகை கொட்டிக் கிடக்கிறது. கரையும் புரதங்களிலேயே பெரிய பங்கு அதனுடையது. அதையும் லென்ஸில் இருக்கும் 1ஏ1 வகையையும் நீக்கிய எலிகளுக்குக் கண்புரை வருகிறது. 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர்க்காரர்களுக்குக் கண்புரையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எலியில் கண்டதை வைத்து மனிதக் கண்புரைக்கெல்லாம் ஆல்டிஹைடுதான் காரணம் என்று தாண்டிக் குதிக்கக் கூடாது. வயது, சர்க்கரை, வெயில், புகை எல்லாம் அதில் சேர்ந்து நிற்கின்றன.

சரி, மாத்திரை. விழுங்கிய குளுட்டாதயோனில் பெரும்பகுதி குடலிலும் ஈரலிலும் அமினோ அமிலங்களாக வெட்டுப்பட்டுவிடுகிறது. மாதக்கணக்கில் கொடுத்தால் இரத்தத்தில் அளவு கொஞ்சம் ஏறுகிறது என்று சில ஆய்வுகள் காட்டின. ஏறவில்லை என்று சில காட்டின. ஏறினாலும் நோய் குறைந்ததா என்பதுதானே கேள்வி, அதற்கு உறுதியான சான்று இல்லை. கந்தகக் கை நீட்டி ஆல்டிஹைடைப் பிடிக்கும் மருந்து மிகத் தெளிவாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற புற்றுநோய் மருந்து உடம்பில் அக்ரோலினைக் கக்குகிறது. அது சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கி இரத்தம் வரவைக்கும். அதிக அளவில் கொடுக்கும்போது கூடவே மெஸ்னா கொடுக்கிறார்கள். அது சிறுநீர்ப்பையிலேயே அக்ரோலினைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. எந்த ஆல்டிஹைடு, எந்த இடம், எந்த நேரம் என்று மூன்றும் தெரிந்ததால் அங்கே பலித்தது. மூன்றும் தெரியாமல் ‘ஆன்டி-ஆக்சிடன்ட்’ என்று பொதுவாக விழுங்கியதன் கதை வேறு மாதிரி முடிந்திருக்கிறது. பின்லாந்தில் 29,133 புகை பிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. நல்லது செய்யப் போய் வந்த வினை.

ஆகவே என் கருத்து: அந்தப் பணத்தை மாத்திரைக்குப் போடாதீர்கள். அப்பாவின் சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்தாலே பணப்பையில் கை விடும் மூன்று பேரில் இரண்டு பேர் அடங்குவார்கள். அதற்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அங்கே நான் வாய் திறக்க மாட்டேன். சிஸ்டீனுக்குச் சாப்பாட்டில் பருப்பும் முட்டையும் போதும்.

கடையைப் பற்றி மட்டும் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். வாய்வழியே போகும் ஆல்டிஹைடைக் குடலும் ஈரலும் முதலில் வாங்கிக்கொண்டு பெரும்பகுதியைக் கழித்துவிடுகின்றன. மிச்சம் எவ்வளவு இரத்தத்துக்குப் போகிறது என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் சட்டியிலிருந்து எழும் புகைக்கு ஈரல் என்ற சோதனைச்சாவடி கிடையாது, நேரே நுரையீரல். எண்ணெய் மிதமிஞ்சிக் காய்ந்தால் கண்ணைக் கரிக்கும் புகை வருமே, அதில் அக்ரோலின் இருக்கிறது. அதிக வெப்பத்தில் பொரிக்கும் புகையை 2010-இலும், அக்ரோலினைத் தனியாக 2021-இலும், ‘அநேகமாக மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்ற 2ஏ வகையில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ஆகவே வடை தின்கிறவரைவிட அரிகரண்டியோடு இருபது வருடம் அந்தப் புகைக்கு முகம் கொடுத்து நிற்கிற உங்கள் அப்பாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அடுப்பைக் காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி திருப்பி வைக்க முடியுமா என்று பாருங்கள்; மேலே ஒரு புகைபோக்கி வைத்தால் இன்னும் நல்லது. எண்ணெய் புகையும்வரை காயவிடாமல் தீயைக் குறைக்கச் சொல்லுங்கள். நேற்றைய எண்ணெயின்மேல் இன்று புது எண்ணெயை ஊற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பழையதில் இருக்கும் பெராக்சைடு புதியதையும் சேர்த்துக் கெடுக்கும். துருவச் சேர்மங்கள் (எண்ணெய் காய்ந்து சிதைவதால் சேரும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. அதை அளக்கும் கருவி உங்களிடம் இருக்காது. நுரை அடங்காமல் சட்டி விளிம்புவரை ஏறினாலோ, கரண்டியில் எடுத்தால் பிசுக்கென்று கொழகொழத்தாலோ காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பயன்படுத்திய எண்ணெயைப் பயோடீசலுக்கு வாங்கும் ஏற்பாட்டையும் அதே ஆணையம் 2018-இல் தொடங்கியது. உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் யார் வந்து எடுக்கிறார்கள் என்று கேட்டால், கழிவுக்குக் கொஞ்சம் காசும் கிடைக்கலாம்.